பூட்டு யார் கையில்?

(பட்டிமன்றத் தலைப்பு: கல்லூரிக் கம்ப்யூட்டரைக் காப்பது நிர்வாகத்தின் கட்டுப்பாடா? மாணவரின் பொறுப்பா? 'மாணவரின் பொறுப்பே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே, எல்லோருக்கும் இந்தத் திண்டிவனத்துக்காரியின் வணக்கம்!

திண்டிவனம்னு சொன்னேன், கவனிச்சுக்குங்க. திண்டுக்கல் இல்லை. ரொம்பப் பேருக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு வந்த கூரியரே ஒரு தடவை திண்டுக்கல் போய்ச் சுத்திப் பார்த்துட்டு நிதானமா வந்து சேர்ந்தது. அந்த ஊர் பூட்டுக்குப் பேர் போனது. எங்க ஊர் புளிய மரத்துக்குப் பேர் போனது. எதிரணித் தலைவர் பேசினார் பாருங்க, 'ஃபயர்வால் போடு, கேமரா மாட்டு, பென் டிரைவைப் பிடுங்கு, வேண்டாத பக்கத்தையெல்லாம் அடை' என்று பூட்டு மேல பூட்டா அடுக்கினார். ஐயாவுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல்லோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது! (சிரிப்பு, கைதட்டல்)

நான் பேராசிரியை இல்லை நடுவர் அவர்களே. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டெண்ட். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, விழுப்புரம் பக்கம் போய் இறங்கி, சாயந்திரம் அதே வழியில் திரும்புகிறவள். ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர். எங்கள் பக்கம் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுக் கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி பெயரில் அரசுக் கலைக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி ரெண்டு ஊரிலும். தனியார் கல்லூரிகள் தனி. நான் வேலை பார்க்கும் கல்லூரி பேரை மட்டும் கேட்காதீங்க, நாளைக்கும் நான் அங்கே கையெழுத்துப் போடணும்! (சிரிப்பு)

2014ஆம் வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எங்க பசங்க கையில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. அந்தத் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். ஆனால் லேப்டாப் இருந்ததே தவிர, அதற்குள் இன்டர்நெட் இல்லை. செல்போனில் கொட்டிக் கொட்டி டேட்டா கொடுக்கிற காலம் 2016க்கு அப்புறம்தானே வந்தது. அதனால் ஸ்காலர்ஷிப் பாரமா, ரிசல்ட்டா, மெயில் பார்க்கணுமா, எல்லாத்துக்கும் எங்க லேப்தான். அறுபது பிள்ளைங்க, முப்பத்திரண்டு கம்ப்யூட்டர், அதிலும் நாலு எப்பவும் படுத்துக் கிடக்கும்.

எல்லா மெஷினுக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டர் ஓரத்தில் செலோ டேப் போட்டு ஒட்டி வைத்த புண்ணியவதி நான்தான். ஒவ்வொருத்தரும் வந்து 'அக்கா பாஸ்வேர்டு, அக்கா பாஸ்வேர்டு' என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? ஒட்டிவிட்டேன். இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் சாயந்திரம். செஞ்சி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துப் பெண். அப்பா மணிலாக் கொல்லையில் கூலி வேலை பார்க்கிறவர். அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். மெயில் திறந்து ஸ்காலர்ஷிப் விஷயம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பத்துக்கு அவங்க ஊர் டவுன் பஸ். அதை விட்டால் இருட்டின பிறகுதான். மணியைப் பார்த்தாள், மேலே மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தினாள், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இங்கே வீட்டில் இருக்கும் தாய்மார்கள் ஒரு விஷயம் புரிந்துகொள்ளணும். அந்தப் பெருக்கல் குறியை அழுத்தினால் கடையை மூடியாச்சு என்று நாம் நினைக்கிறோம். மூடினது ஜன்னலை. உள்ளே 'நான் இன்னார்தான்' என்று அந்த மெஷினிடம் சொல்லி வைத்தது அப்படியே இருக்கும். மெஷின் எல்லோருக்கும் பொது லாகின். அடுத்து வருகிறவர் திரும்பத் திறந்தால், நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று அது உங்கள் பெட்டியை அவர் முன்னால் விரித்து வைக்கும். 'சைன் அவுட்' என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால்தான் கதவு மூடும்.

அடுத்து வந்து உட்கார்ந்தவன் ஒரு பையன். அவள் வகுப்புதான். திறந்து கிடக்கிறதைப் பார்த்தான். வேடிக்கை செய்ய ஆசை வந்தது. அவள் மெயிலில் இருந்து, வகுப்பில் இன்னொரு பையனுக்கு, 'எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு' என்று ரெண்டு வரி. அவ்வளவுதான். அனுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரு கேள்வி. இதில் உங்கள் ஃபயர்வால் எங்கே வந்து நிற்கும்? அது வெளியே இருந்து வருவதைத் தடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ராமனா ராவணனா என்று அதற்கு எப்படித் தெரியும்? கேமரா இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, மெஷினைத் திருடிக்கொண்டு போகக் கூடாது என்று! (கைதட்டல்)

லெட்டர் வாங்கின பையன் அதை நாலு பேரிடம் காட்டினான். மறுநாள் மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் சித்தப்பா மகன் எங்க கல்லூரியிலேயே வேற வகுப்பு. அவன் வழியாக ஊருக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் அவள் அப்பா ஆபீஸ் வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். கத்தவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. ஒரே வார்த்தைதான்: "டி.சி. குடுத்துடுங்க."

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இந்த ரெண்டு வரி ஒரு பொருட்டாகவே தெரியாது. அந்தப் பெண் பேசவே இல்லை. 'நான் எழுதலைக்கா' என்று மட்டும் என்னிடம் வந்து சொன்னாள். அவளை நம்பி என்ன பயன்? அப்பாவை நம்ப வைக்கணுமே.

இதே மாதிரி ஒரு பொல்லாப்பு, இதைவிட நூறு மடங்கு கொடுமையாக, 2004இல் சென்னையில் நடந்தது. கல்யாணத்துக்குச் சம்மதிக்காத ஒரு பெண்ணின் மேல் ஆத்திரம் கொண்ட ஒருவர், அவர் பெயரிலேயே பொய்யாக ஒரு மெயில் தொடங்கி, இன்டர்நெட் குழுக்களில் ஆபாசமாக எழுதி, அவருடைய போன் நம்பரையும் போட்டுவிட்டார். கண்டவர்களிடமிருந்தெல்லாம் அந்த அம்மாவுக்குப் போன். அவர் பயந்து ஒளியவில்லை, போலீசுக்குப் போனார். அதே வருஷம் நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அந்த ஆளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்துக்காக இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை அது என்கிறார்கள். அந்த வழக்கில் பிராவுசிங் சென்டர்காரர் சாட்சி சொன்னார் பாருங்க, இந்த ஆள் எங்கள் கடைக்கு வந்தார் என்று, அதுவும் கை கொடுத்தது.

எனக்கு அது ஞாபகம் வந்தது. என் மேஜையில் ஒரு லாங் சைஸ் நோட்டு கிடந்தது. யார், எந்த மெஷின், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார். பசங்க அதில் கையெழுத்துப் போடவே சலித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் நம்பர் மெஷின், அவள் வெளியே போனது நாலு ஐந்து. அடுத்து ஒரு பெயர், உள்ளே வந்தது நாலு பதினைந்து. சொந்தக் கையெழுத்து! திருட்டுத்தனம் பண்ணப் போகிறோம் என்று நினைத்தவன் அப்படிக் கையெழுத்துப் போடுவானா?

பையனைக் கூப்பிட்டேன். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். "விளையாட்டுக்குக்கா, இவ்வளவு ஆகும்னு தெரியாதுக்கா." எனக்கு அடிக்கக் கை வந்தது. அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால் 66-சி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அவனுக்கு வயசு பத்தொன்பது. சட்டம் 2009இலேயே அமலுக்கு வந்தாச்சு, அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டத்தான் எனக்குத் தெரிந்தது.

'விளையாட்டுக்கு' என்பது பெரிய வார்த்தை நடுவர் அவர்களே. 2000ஆம் வருஷம் மே மாதம், 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மெயில் உலகம் முழுக்கப் பறந்ததே, இங்கே பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்துப் பார்லிமெண்டே மெயிலை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. அனுப்பினது யார்? பிலிப்பைன்ஸ் நாட்டில் கம்ப்யூட்டர் காலேஜ் மாணவர், ஓனல் டி குஸ்மான். அடுத்தவர் பாஸ்வேர்டை எடுத்து இன்டர்நெட்டை இலவசமாகப் பயன்படுத்துவது எப்படி என்று புராஜெக்டே எழுதிக் கொடுத்தார், கல்லூரி நிராகரித்தது. ஏழைகளால் காசு கட்ட முடியவில்லையே என்பது அவர் நியாயம். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது, எங்க பசங்களும் அதே நிலைமைதான். கல்லூரி 'கூடாது' என்று பூட்டியது. நின்றாரா? அந்த நாட்டில் அப்போது அதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கும் நிற்கவில்லை. பிற்பாடு ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது, மணிலாவில் ஒரு சின்ன செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தார் மனிதர்.

இன்றைக்கும் பிள்ளைகளிடம் வந்து நைச்சியமாகக் கேட்கிறார்கள். 'தம்பி, உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் குடு, செலவுக்குப் பணம் தர்றேன்.' கொடுத்தால் எவனோ ஏமாற்றின பணம் அதில் வந்து இறங்கும், போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இதற்கு எந்த லேபில் என்ன பூட்டுப் போடுவீர்கள்? பணம் போய்விட்டால் உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எழுதி வைத்துக்கொள்ளுங்க.

(நடுவர்: அம்மா, மணி அடிச்சாச்சு. அந்தப் பொண்ணு என்ன ஆச்சு, அதைச் சொல்லிட்டு உட்காருங்க.)

சொல்றேங்கய்யா. பையனை வெளியே அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. அந்தப் பெண்தான் வேண்டாம் என்றாள். "அவனை அனுப்பினா எதுக்குன்னு ஊர் கேக்கும், அப்பவும் என் பேர்தான்க்கா வரும்." எவ்வளவு யோசிச்சிருக்கா பாருங்க. பையன் அப்பா முன்னால் வந்து நின்று, 'நான்தான் செஞ்சேன்' என்றான். அப்பா நம்பவில்லை. பெண்ணைக் காப்பாற்ற நாங்கள் ஆள் பிடித்து வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். பெண்ணை விட்டு மெயிலைத் திறக்கச் சொல்லி, அந்த லெட்டர் போன நேரத்தைக் காட்டினேன். நாலு இருபத்தைந்து. "ஐயா, உங்க பொண்ணு அன்னைக்கு எந்த பஸ்ல வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "நாலு பத்து வண்டி. நான்தானே ரோட்டுல நின்னு இறக்கிக்கிட்டு வந்தேன்" என்றார்.

அப்புறம் என்னிடம் கேட்டார், "அம்மா, இப்ப அந்தக் கதவைச் சாத்தியாச்சா?"

"இன்னும் இல்லைங்கய்யா. இதை அழுத்தணும்" என்றேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். அம்பு திரையில் எங்கெங்கோ ஓடியது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, அப்பா கை மேல் தன் கையை வைத்து மெதுவாக நகர்த்தினாள். ரெண்டு பேருமாக அழுத்தினார்கள்.

அவர் டி.சி. வாங்காமல்தான் அன்றைக்கு பஸ் ஏறினார். நானும் போய் முப்பத்திரண்டு மானிட்டரிலும் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தேன்.

(பலத்த கைதட்டல்)