ஒரு குடும்பத்திற்கு ஒரு மருத்துவர்



காய்ச்சல் என்றால் புளோக்கின் கீழே இருக்கும் மருந்தகம். மருத்துவ விடுப்பு வேண்டுமென்றால் நிறுவனத்தின் பேனல் கிளினிக். ரத்தப் பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகம். முழங்கால் வலிக்கு ஜோகூர் பாருவில் வாங்கி வந்த மாத்திரை. சிங்கப்பூரில் பல குடும்பங்களின் வழக்கம் இதுதான். எங்கே கூட்டம் குறைவோ அங்கே போவது வசதிதான். ஆனால், இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர் யார்?

ஐம்பத்திரண்டு வயதான ஒருவரை எண்ணிப் பாருங்கள். உயர் ரத்த அழுத்தத்திற்கு ஓரிடத்தில் மருந்து வாங்குகிறார். மூட்டு வலிக்கு வேறோர் இடத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்குகிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியான மருந்துகளே. ஆனால், அந்த வலி மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம். சில ரத்த அழுத்த மருந்துகளோடு அது சேரும்போது சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஒரு மருத்துவருக்கு மற்றவர் கொடுத்தது தெரியாது. நோயாளியும் சொல்வதில்லை, வலி மாத்திரைதானே என்ற எண்ணம்.

சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிப்பதில்லை. பெரும்பகுதி பழுதான பிறகே அறிகுறிகள் தெரியும். முற்றிலும் செயலிழந்தால், வழக்கமாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டிவரும். ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் நிம்மதியையும் அது எப்படி அசைத்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குடும்ப மருத்துவரின் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வரும் ஓர் எண், தனியாகப் பார்த்தால் இயல்பான அளவுக்குள் இருக்கலாம். ஈராண்டுக்கு முன் இருந்த எண், சென்ற ஆண்டின் எண், இந்த ஆண்டின் எண் மூன்றையும் வரிசையாக வைத்தால், அது ஏறிக்கொண்டே வருவது தெரியும். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு முன்னே இருப்பது பெரும்பாலும் இன்றைய எண்தான். தொடர்ந்து பார்ப்பவருக்குக் கதை முழுவதும் தெரியும். அப்பாவுக்கு நீரிழிவு இருந்தது, மகனுக்கு இரவு நேர வேலை, மனைவி இறந்த பிறகு சாப்பாடு சரியில்லை என்பவையும் அந்தக் கதையில் அடங்கும்.

இது வெறும் நம்பிக்கையா? நார்வேயில் 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு 2022ல் அச்சானது. ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்படும் வாய்ப்பு 28 விழுக்காடும், மரண வாய்ப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்தன. மருத்துவரை மாற்றாததுதான் முழுக் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆயினும், ஆண்டுகள் கூடக் கூடப் பயனும் கூடியது கவனிக்கத்தக்கது.

சிங்கப்பூரும் இந்த வழியில்தான் போகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தங்களுக்குப் பிடித்த மருந்தகத்தில் சேரலாம். சுகாதாரத் திட்டம் வகுக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணமில்லை. பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் தகுதிபெறும் குடிமக்களுக்கு இலவசம். சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், இந்தியக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

“ஒரே டாக்டரிடம் போனால், அவருக்குத் தெரியாத நோய் வந்தால் என்ன செய்வது?” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. குடும்ப மருத்துவர் எல்லா நோயையும் தாமே குணப்படுத்துபவர் அல்லர். எப்போது, எந்த நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்தவர். அவர் எழுதித் தரும் கடிதத்தில் நோயாளியின் பழைய விவரங்களும் இருக்கும். நிபுணர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் புகழையும் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்குப் பக்கமா, சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறாரா, வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி பேசுகிறாரா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், பிடித்தவர் கிடைத்தபின் அவரிடமே தொடருங்கள்.

முதல்முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம், நாட்டு மருந்துப் பொடி எதையும் விட வேண்டாம். மேசைமேல் வைத்து, “இவ்வளவும் சாப்பிடுகிறேன், டாக்டர்” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். அவசரத்தில் ஓடும் நாளில் மருத்துவரை அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.