தகுதித் தேர்வு எதை அளக்கிறது?

(2025 அக்டோபரில், அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற செப்டம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவர், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர் வேலையில் நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பிழைப்பு இதில் தொங்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று வாதாட நான் வரவில்லை. வசதி வந்தவர்கள் பிள்ளைகளை மெட்ரிக்குக்கும் சிபிஎஸ்இ-க்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரசுப் பள்ளியின் பெஞ்சில் இன்று மிச்சமிருப்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள். அங்கே பாடம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறை நம்மைவிட யாருக்கு இருக்கும்? கேள்வி வேறு. இந்தத் தேர்வு உண்மையிலேயே தகுதியைத்தான் அளக்கிறதா?

2012-க்குப் போவோம். அந்த ஜூலையில்தான் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கேள்விக்கு 36 விநாடி. படித்துப் புரிந்து, நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வட்டத்தைக் கருக்குவதற்கு 36 விநாடி. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. உடனே என்ன பேசினார்கள்? தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குத் தகுதியே இல்லை என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். 18,000-க்கும் மேற்பட்டோர் தேறினார்கள். ஜூலையில் இல்லாத தகுதி அக்டோபரில் எங்கிருந்து வந்தது? கடிகாரத்திலிருந்து வந்தது, தோழர்களே.

அடுத்தது மதிப்பெண். இந்தத் தேர்வுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுத்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 60 விழுக்காடு என்று வைத்துவிட்டு, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசுகள் தங்கள் இடஒதுக்கீட்டுக் கொள்கைப்படி சலுகை தரலாம் என்று 2011-லேயே எழுதிவிட்டது. ஆந்திரா அதைப் பிடித்துக்கொண்டது. பொதுப் பிரிவுக்கு 60, பிற்படுத்தப்பட்டோருக்கு 50, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. சமூகநீதியின் தாய்வீடு என்று மேடைதோறும் முழங்குகிற நம் மாநிலம் என்ன செய்தது? எல்லோருக்கும் 60 என்றது. அக்ரகாரத்துக்கும் 60, சேரிக்கும் 60, மலையில் இருக்கிற இருளருக்கும் 60. போராடிப் போராடி, 2014 பிப்ரவரியில்தான் 55 ஆனது. அந்த ஐந்து விழுக்காட்டையும் பொறுக்காமல் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2016 நவம்பரில் அது செல்லும் என்றது. 55-இல் வந்து நின்றோம், இந்த 2025 அக்டோபரிலும் அங்கேதான் நிற்கிறோம். ஆந்திரா கொடுத்த 40-ஐக் கேட்க இங்கே நமக்கு வாய் வரவில்லை.

இப்போது யாரை மறுபடி தேர்வெழுதச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாற்பத்தெட்டு வயது இடைநிலை ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூப்பு வரும்வரை காத்திருந்து, இனச்சுழற்சியில் இடம் பெற்றவர். அன்றைக்கு அரசு வைத்த விதி எதையும் அவர் மீறவில்லை. இருபது ஆண்டு பாடம் நடத்திய பிறகு, நீ ஆசிரியரே இல்லை என்றால் என்ன நியாயம்? ஓய்வுக்கு நாலு ஆண்டு இருக்கிற தலித் ஆசிரியர் ஒருவர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரப் போகிற நேரத்தில், அந்தக் கதவும் மூடுகிறது. அந்த நாற்காலி ஊரில் என்ன பொருள்படும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்? முதல் தாளில் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30 கேள்வி. சரி. பட்டியல் சாதிப் பிள்ளையின் கையில் விளக்குமாறைக் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்புகிற ஆசிரியர் இந்த 150-க்கு 140 வாங்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து யாருக்கு உதவித்தொகை என்று வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறவரும் வாங்கலாம். தகுதிச் சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லும்!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பற்றித்தான் தொலைக்காட்சிகள் விவாதித்தன. அதில் இன்னொன்றும் இருக்கிறது: ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போதே சமூகநீதி குறித்த அவர்களின் மனப்பான்மையை அறிந்து, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது. ஒரே பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது என்பதும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்காகத் திரளுகிற சங்கங்களில் எத்தனை சங்கங்கள் இதை நடைமுறைப்படுத்து என்று தீர்மானம் போட்டன? இங்கே இருக்கிற சங்கத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதில் சொன்னால் போதும்.

ஆகவே நாம் ஒன்றிய அரசிடம் கேட்பது, முன்பே பணியில் சேர்ந்தவர்களைக் காக்கும்படி கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் திருத்து என்பது. அதற்கு டெல்லி எவ்வளவு காலம் எடுக்குமோ. ஆனால் தேர்ச்சி மதிப்பெண்ணைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 ஆக்க டெல்லியின் அனுமதி தேவையில்லை, சென்னையில் ஓர் அரசாணை போதும். சந்துரு குழு பரிந்துரைக்கும் அப்படித்தான். இந்த இரண்டையும் கேட்டு முதலமைச்சருக்கு எழுதிய மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஆசிரியர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளோடு வந்திருக்கிற தாய்மார்களும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.