உப்பெடுத்தவர் டெல்லியோடு போட்ட சண்டை



ஏப்ரல் 30-ஆம் தேதி கோடியக்கரையில் ராஜாஜியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பேச்சாளர் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து உப்பு யாத்திரை புறப்பட்டது, தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவனுக்கும் சிறை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டது, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டது, வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றது, வைரப்பன் பாதிச் சவரத்தில் போலீஸ்காரரை எழுப்பி அனுப்பியது, அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளியது, ஆறு மாதச் சிறை. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதனால் அந்தக் கதையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நான் பேச வந்தது 29 வருஷம் கழித்து அதே மனிதர் செய்த இன்னொரு காரியத்தைப் பற்றி. 1959. அவருக்கு வயது எண்பது. கவர்னர் ஜெனரலாக இருந்தாகிவிட்டது, மத்திய உள்துறை பார்த்தாகிவிட்டது, இரண்டு முறை சென்னையை ஆண்டாகிவிட்டது, பாரத ரத்னாவும் வந்துவிட்டது. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். இவர் நேருவை எதிர்த்துக் கட்சி தொடங்கினார். சுதந்திராக் கட்சி.

காரணம் என்ன? அந்த வருஷம் ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாக உழ வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பிருந்தே தொழில் தொடங்க லைசென்ஸ், சரக்கு வாங்க பர்மிட், இறக்குமதிக்குக் கோட்டா. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டி ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி பெயர் வைத்தார். இன்றைக்கும் டெல்லிப் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள், வைத்தவர் யார் என்று பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஒரு பழமைவாத செனட்டர் எழுந்து, வாஷிங்டனுக்கு எங்கள் மாநிலத்து வேலையில் என்ன ஜோலி என்று கேட்டால் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே அது பழைய வழக்கம். இங்கே டெல்லியோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் நமக்குத் திராவிட இயக்கம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் இடதுசாரி. பழமைவாதி ஒருவர், கடவுள், தர்மம், சொத்துரிமை எல்லாம் பேசிக்கொண்டே, அதே டெல்லியோடு வேறு காரணத்துக்காகச் சண்டை போட்டார் என்பதை நாம் மறந்துவிட்டோம். மாநிலங்களவையில் அந்தக் குரலை 1962 முதல் 1968 வரை நம் மாநிலத்தின் சார்பில் எழுப்பியவர் எம். ரத்தினசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். ராஜாஜி அந்தச் சபைக்குப் போகவில்லை. அவர் உட்கார்ந்த மேல்சபை சென்னை மேலவை. 1952-இல் தேர்தலில் நிற்காமல், கவர்னர் நியமனத்தில் அந்தச் சபைக்குள் வந்து முதலமைச்சரானார். கொல்லைப்புற வழி என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். சொன்னது நியாயம்தான் என்பது என் கட்சி.

சரி, 1930-இல் உப்பள்ளியதற்கும் 1959-இல் கட்சி தொடங்கியதற்கும் என்ன சம்பந்தம்? கடலோரத்தில் பிறந்தவன் தன் காலடியில் விளைகிற உப்பை எடுக்க எங்கோ இருக்கிற ஒரு ஆபீஸின் அனுமதியை ஏன் கேட்க வேண்டும் என்பது முதல் சண்டை. தஞ்சாவூர்க்காரன் தன் நெல்லை விற்க, கோயம்புத்தூர்க்காரன் ஒரு பஞ்சாலை வைக்க, எங்கோ இருக்கிற ஒரு ஆபீஸின் அனுமதியை ஏன் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது சண்டை. ஆபீஸில் இருந்த ஆள் மாறிவிட்டான், சரி. கேள்வி மாற வேண்டுமா? மாற வேண்டாம் என்று நினைத்தவர் அவர்.

இப்போது உங்கள் உப்புக்கே வருகிறேன். உப்பு வரி போய்விட்டது, ஜி.எஸ்.டி.யும் உப்புக்கு இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மத்திய அரசின் பட்டியலில் 58-ஆவது இனம், உப்பு. உப்பு உற்பத்தியையும் விநியோகத்தையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இன்றைக்கும் டெல்லியுடையது. வெள்ளைக்காரன் போன பிறகு, 1953-இல், உப்புக்கு ஒரு செஸ் சட்டமும் வந்தது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் எங்கே தெரியுமா? ஜெய்ப்பூரில். வேடிக்கை பாருங்கள், ராஜாஜியின் கட்சியில் நின்று 1962-இல் அமோகமாக ஜெயித்த மகாராணி காயத்ரி தேவி அதே ஜெய்ப்பூர்க்காரர். வேதாரண்யத்து உப்புக்கு வழி சொல்ல ராஜஸ்தானத்தில் ஒரு நாற்காலி. உப்பெடுத்துச் சிறைக்குப் போனவர் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்குப் போவோம். இங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

யுத்த காலத்தில் வந்த ரேஷனும் நெல் கட்டுப்பாடும் 1952 வரை தொடர்ந்தன. அதிகாரி வீட்டுக்குள் வந்து பத்தாயத்தைத் திறந்து பார்ப்பார். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு மூட்டை போனால் பிடிப்பார்கள். ராஜாஜி பதவியேற்றது ஏப்ரலில், கட்டுப்பாட்டை எடுத்தது ஜூனில். மழை பொய்த்துப் பஞ்சம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. நேருவுக்குத் தயக்கம். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். அரிசி பதுங்கிவிடும் என்று பயந்தார்கள், கடைக்கு வந்தது. ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற பாட்டிகள் இதற்காக அவருக்கு மற்றதையெல்லாம் மன்னித்தார்கள்.

இன்றைக்கு? அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் முளைத்துப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க முடியாது. மீட்டரைக் கையில் வைத்திருக்கும் பட்டியல் எழுத்தர் உங்கள் ஊர்க்காரர்தான், அவர் கண்ணுக்கும் நெல் நனைந்தது தெரிகிறது. ஆனால் 17-ஐ 20 ஆக்கவோ 22 ஆக்கவோ அவரால் முடியாது, கலெக்டரால் முடியாது, முதலமைச்சரால்கூட முடியாது. சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போக வேண்டும். டெல்லியிலிருந்து குழு வர வேண்டும். குழு நெல்லை அள்ளி மாதிரி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு உத்தரவு வர வேண்டும். அதற்குள் வெயில் அடித்து நெல் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். பர்மிட் ராஜ்யம் 1991-இல் செத்துவிட்டது என்று பொருளாதார மேதைகள் சொல்கிறார்கள். டெல்டாவில் சாகவில்லை என்று நான் சொல்கிறேன்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் பாதிப் பேச்சுதான் பேசியவனாவேன். 1952-இல் விவசாயி, சர்க்கார் என் களத்தை விட்டுப் போகட்டும் என்றான். இன்றைய விவசாயி, சர்க்கார் என் களத்துக்கு வரட்டும், கொள்முதல் நிலையத்தைச் சீக்கிரம் திறக்கட்டும் என்கிறான். வியாபாரியிடம் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன விலை கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். சர்க்கார் விலகி நின்றாலே சுதந்திரம் வந்துவிடும் என்ற சுதந்திராக் கட்சியின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது.

அந்த இடியை ராஜாஜி அறியாதவரும் இல்லை. அதே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று தனியாக ஒரு அவசரச் சட்டம் போட்டார், குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு. நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளை விரட்ட முடியாது, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது அந்தச் சட்டம். மிராசுதாரர்கள் கொதித்தார்கள். கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று சட்டசபையில் சொன்ன மனிதர், கம்யூனிஸ்டுகள் இந்த மண்ணில் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியைக் கொடுத்தார். செங்கொடியைத் தணிக்கத்தான் கொடுத்தார் என்பார்கள். இருக்கட்டும். கொடுத்தார் அல்லவா?

ஏழு வருஷத்தில் கட்சி தொடங்கியபோது அந்த ராஜாஜி பின்வாங்கிவிட்டார். நில உச்சவரம்புச் சட்டங்களுக்குக் காவலாக 1964-இல் வந்த 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அவரும் சுதந்திராக் கட்சித் தலைவர் என்.ஜி. ரங்காவும் உக்கிரமாக எதிர்த்தார்கள். ரயத்துவாரிக் குடியானவன் நிலம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஐந்து ஏக்கர் குடியானவனுக்கு அந்தப் பயம் உண்மைதான். ஆனால் நூறு வேலி வைத்திருந்தவரும் அதே குடியானவன் முண்டாசைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். 1968-இல் இதே கீழத்தஞ்சையில், வெண்மணியில் 44 உயிர் ஒரே குடிசையில் வெந்தது. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களின் குடும்பங்கள். டெல்லி தொலைவில் இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் சில அதிகாரங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கின்றன. அதனால்தான் ஆட்சி நடத்திய ராஜாஜி, கட்சி நடத்திய ராஜாஜியைவிடப் பெரியவர் என்று நான் நினைக்கிறேன். அவருடைய பக்தர்கள் இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்தியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 1938-இல் கட்டாயமாக்கிப் பிள்ளைகளைச் சிறையில் தள்ளியவரும் அவரே, பிற்காலத்தில் டெல்லி இந்தியைத் திணிக்கக் கூடாது என்று அண்ணாவோடு மேடையேறியவரும் அவரே. 1967-இல் தி.மு.க. கூட்டணியில் அவர் கட்சி சட்டசபையில் இருபது இடம் வென்றது. நாடாளுமன்றத்தில் 44 இடம், பிரதான எதிர்க்கட்சி. 1974-இல் கட்சியே இல்லை.

வரி விஷயம்தான் எனக்கு மிகவும் ருசியானது. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனது, கஜானாவுக்கு என்ன வழி? 1939-இல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவிலேயே முதல் முறை. அவரை வியாபாரிகளின் நண்பர் என்பார்கள், வியாபாரிகள் அன்றைக்குத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் அந்த வரிதான் பிறகு எல்லா மாநிலங்களுக்கும் முதுகெலும்பானது. பள்ளிக்கூடமும் சத்துணவும் அதில்தான் நடந்தன. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. விற்பனை வரியின் சாவி மாநிலத்தின் இடுப்பிலிருந்து கழன்று டெல்லியில் கூடும் கவுன்சிலின் மேசைக்குப் போனது. மாநிலம் தன் இஷ்டப்படி வரி போட முக்கியமாக மிச்சமிருப்பவை எவை? பெட்ரோல், டீசல், சாராயம். கள்ளுக்கடையை மூடுவதற்காக ஒருவர் விற்பனை வரியைக் கண்டுபிடித்தார். விற்பனை வரி கைவிட்டுப் போனதும் மாநிலம் மதுக்கடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கலைஞர் வீட்டுக்கே போய்க் கேட்ட கிழவர் இதைப் பார்த்தால் சிரிப்பாரா, அழுவாரா, நீங்கள் சொல்லுங்கள்.

மூன்று வேளாண் சட்டங்களை ராஜாஜி ஆதரித்திருப்பாரா என்று வரும் வழியில் ஒரு இளைஞர் கேட்டார். என் ஊகம் இது: மண்டியின் பிடியைத் தளர்த்துவதை அவர் ஆதரித்திருப்பார். ஆனால் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்க, டெல்லி அதற்குச் சட்டம் போட்ட விதத்தை எதிர்த்திருப்பார். 2020 செப்டம்பர் 20-இல், மாநிலங்களின் சபை என்று பெயர் வைத்திருக்கிற அந்தச் சபையிலேயே, எதிர்க்கட்சிகள் தலையை எண்ணச் சொல்லியும் அவற்றில் இரண்டைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். ஒரு வருஷம் விவசாயிகள் டெல்லி எல்லையில் கிடந்த பிறகு 2021 நவம்பரில் சட்டங்கள் போயின.

கடலைப் பற்றி ராஜாஜி உங்களுக்கு உதவ மாட்டார். அவர் மறைந்தது 1972 டிசம்பரில், கச்சத்தீவு ஒப்பந்தம் 1974-இல். ஆனால் அவருடைய கேள்வியை நாம் கடலுக்கும் கொண்டு போகலாம். அதை டெல்லியைப் பார்த்து மட்டும் கேட்டால் போதாது. கரையோரக் கடலில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சென்னை தன் கையில் வைத்திருக்கிறது. 1992-இல் வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 பொருள்களை எழுதியிருக்கிறது. ஐந்தாவது மீன்வளம். இங்கே முன்வரிசையில் ஊராட்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். படகு நிறுத்துகிற இடம், ஏலக்கூடம், ஐஸ், சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து கொட்டகை போடுகிறவர்களுக்குக் குடிதண்ணீர், கழிப்பறை, இதில் எதை உங்களைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்? டெல்லி தரவில்லை என்று சென்னை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னை தரவில்லை என்று கோடியக்கரை சொன்னால் சென்னை காது கொடுக்கிறதா?

நாளை மே 1. கிராம சபை நாள். வழக்கம்போல் தீர்மான நோட்டு எழுதித் தயாராக வரும், கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்று தீர்மானங்களை நீங்கள் எழுதச் சொல்லுங்கள். மழைக் காலத்தில் ஈரப்பதத் தளர்வு முடிவை மாவட்ட அளவிலேயே எடுக்க அதிகாரம் வேண்டும் என்று ஒன்று. உப்பளக் குத்தகையைப் புதுப்பிக்கும்போது அளத்தில் வேலை செய்கிறவர்களையும் கேட்க வேண்டும் என்று ஒன்று. மீன் இறங்கு இடத்தின் பராமரிப்பும் அதற்கான பணமும் ஊராட்சிக்கு வர வேண்டும் என்று ஒன்று. தீர்மானத்தைப் பதிவு செய்ய மறுத்தால், யார் மறுத்தார், எந்த விதியின்படி மறுத்தார் என்பதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. வர முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.