புனைவைக் களைந்தால் புகழ் குன்றாது



பழந்தமிழ் வேந்தர், வள்ளல்களைப் பற்றிய செய்திகளில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. அனைத்தும் கட்டுக்கதை என்று தள்ளுவது ஒன்று. அனைத்தும் நடந்தவையே என்று கொள்வது மற்றொன்று. முன்னதைச் செய்வார் தமிழை வெறுப்பார். பின்னதைச் செய்வார் தமிழை விரும்புவார். விளையும் கேடோ ஒன்றே!

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையே எடுத்துக்கொள்க. அவன் வெறும் பாட்டுத்தலைவனா, வாழ்ந்த மன்னனா? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சேரரோடு 'சதியபுத்திரர்' என்றொரு குடியையும் குறிக்கின்றது. அவர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் தமிழிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. துறவியர்க்குப் பாழி கொடுத்தவன் சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று அது கூறுகின்றது. வழக்குத் தீர்ந்தது. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் எனப் புறநானூற்றில் ஔவையார் குறிக்கின்றார். கல்வெட்டுக் கிடைத்ததும் அக் கோவலூர்ப் பகுதியிலேயே. பாட்டும் கல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம் இது.

ஆயினும், இதனைக்கொண்டு அஞ்சி அசோகன் காலத்தவன் என்று முழங்கலாகாது. சதியபுத்திரர் என்பது குடிப்பெயர். ஒரு குடியில் பலர் ஆள்வர்.

இனி நெல்லிக்கனி. அதைப் பெற்ற ஔவையாரே பாடியிருத்தலின், கொடை உறுதியான சான்றுடையது. அக்கனி சாவை நீக்கும் என்பது அக்கால நம்பிக்கை. கொடுத்ததை நம்புக, சாவா வாழ்வை நம்ப வேண்டுவதில்லை. அஞ்சியைப் பாடிய ஔவையாரும், பன்னூறாண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறாவர். இருவரையும் ஒருவராக்கி, முருகன் நாவற்கனி உதிர்த்த கதையையும் சேர்த்து, 1953இல் திரைப்படமும் வந்தது. ஒருவரே என்ற எண்ணம் மக்கள் நெஞ்சில் மேலும் ஊன்றியது.

அதியமானின் முன்னோர் கரும்பைக் கொணர்ந்தனர் என்பதும் புறநானூற்றுச் செய்தியே. விண்ணுலகினின்று கொணர்ந்தனர் என்பது புனைவு. கரும்பு முதன்முதல் பயிராக்கப்பட்டது நியூகினித் தீவில் என்பர் பயிர்நூல் வல்லார். கடல்கடந்து வந்த புதுப்பயிரைப் பரப்பிய குடியின் நினைவு அப்பாட்டில் இருத்தல் கூடும். ஆயின், 'கூடும்' என்பதை 'உண்டு' என்று உரைத்தல் வரலாறாகாது.

எனவே, மூன்று வினாக்கள் போதும். சொன்னவர் அக்காலத்தவரா? பாட்டுக்கு வெளியே கல்லோ காசோ சான்று தருகின்றதா? இயற்கைக்கு ஒவ்வாதது எது?

பொய்யொன்றைச் சேர்த்துச் சொன்னால், பகைவன் அப் பொய்யைக் காட்டியே மெய்யையும் மறுப்பான். சம்பைக் கல்லின்மேல் கட்டுக்கதையை ஏற்றாதீர்கள். அக்கல் தானே பேசும்!