கண் எங்கே இருக்கிறது?

தச்சநல்லூரில் ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் வரைகிற பிள்ளைகளுக்கு இன்று ஒரு தகவல்.

முகம் வரையும்போது கண்ணை எங்கே வைக்கிறீர்கள்? நிறையப் பேர் நெற்றிக்குப் பக்கத்தில், மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். கண் இருப்பது உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில். சந்தேகமா? பென்சிலை நீட்டி அளந்து பாருங்கள். சரிபாதிதான்.

இதைக் கற்க ஓவியக் கல்லூரிக்குத்தான் போகவேண்டுமா? ஓவியர் மாருதி போகவில்லை. புதுக்கோட்டைக்காரர், இயற்பெயர் ரங்கநாதன். பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே பழகினார். 1959இல் சென்னை போனார். மயிலாப்பூரில் சினிமா பேனர் வரையும் வேலை.

அந்த வேலையை லேசாக நினைக்காதீர்கள். சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய துணிக்கு மாற்றவேண்டும். முகத்தை அளந்து பார்க்கிற பழக்கம் அங்கே கைவந்துவிடும். சென்னை போன அதே ஆண்டு குமுதம் இதழில் அவர் வரைந்த படம் வந்தது. பிறகு எத்தனை அட்டைப்படங்கள், எத்தனை முகங்கள்! 2023இல் மறைந்தார். அவர் வரைந்த கண்களை வாசகர்கள் மறக்கவில்லை.

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளை படம் வரைந்தால் நோட்டைப் பிடுங்காதீர்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.