விபத்து நாளே உரிமை நாள்



இந்தத் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. முன்வரிசையில் எனக்குத் தொழிலாளர் சட்டம் கற்பித்த ஆசிரியர்கள் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். இன்று நான் சொல்லப்போவதில் பாதியை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். அந்தத் தயக்கத்தோடுதான் பேசுகிறேன். ஆனாலும் மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் போனால் இந்த இருக்கைக்கு நான் செய்யும் குறை அதுவாகிவிடும்.

‘வேலைவாய்ப்புப் பணிகள், பணியிட இழப்பீடு, ஓய்வூதியப் பாதுகாப்பு: அரசின் மேற்பார்வை’ என்பது நம் கருத்தரங்கின் பொருள். பொருத்தமான நேரத்தில் எடுத்த பொருள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1959ஆம் ஆண்டின் சட்டம் முதலான ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் ‘வாழ்க்கைத்தொழில் மைய’மாகிறது. ஆய்வாளர், வழிகாட்டுநராகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும் உரிய நிபந்தனைகளோடு பணிவிபத்தாகிறது. இவற்றையெல்லாம் மூன்று நாள் அமர்வுகளில் விரிவாகப் பேசவிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தொழிலாளியின் உரிமை எந்த நாளில் பிறக்கிறது?

இழப்பீட்டைப் ‘பாக்கியான உடனே’ கொடுக்க வேண்டும் என்றது 1923 சட்டத்தின் 4ஏ பிரிவு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதம். ஆனால் எந்த நாளில் பாக்கியாகிறது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. கை இழந்த ஒரு தச்சரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நால்வர் அமர்வு அந்த நாள் விபத்து நாளே என்றது. அது 1976ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. முப்பதாண்டு கழித்து, 2007இல், இருவர் அமர்வு ஒன்று இழப்பீட்டு ஆணையர் தொகையை முடிவு செய்யும் நாள்தான் என்றது. பிறகு மனுத் தாக்கல் செய்த நாள் என்றும் ஒரு கருத்து வந்தது. 2012இல் இன்னோர் அமர்வு, நால்வர் சொன்னதே அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று பழைய நிலைக்குத் திரும்பியது.

இதை வக்கீல்களின் நுணுக்கச் சண்டை என்று நம் துறையில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு கணக்கைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவர் இறக்கிறார். கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 15,000 ரூபாய். அதில் பாதியை அந்த வயதுக்குரிய காரணி எண்ணான 197.06ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். வழக்கு முடிய ஐந்தாண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விபத்து நாளே பாக்கி நாள் என்றால், ஒரு மாத அவகாசம் போக 59 மாத வட்டி ஏறத்தாழ 8,72,000 ரூபாய். தீர்ப்பு நாள்தான் பாக்கி நாள் என்றால் அந்த ஐந்தாண்டுக்கு வட்டியே இல்லை. நாள் மாறினால் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து இவ்வளவு போகிறது. வழக்கை இழுப்பதற்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேறென்ன வேண்டும்?

விடை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் வாதம். இரண்டு சான்றுகள் தருகிறேன். முதலாவது, முதலாளி பொறுப்பின் அளவை மறுத்தாலும் தாம் ஏற்கும் அளவுக்குத் தற்காலிகத் தொகை கட்ட வேண்டும் என்றது அதே 4ஏ. தகராறு தீர்ந்த பிறகுதான் கடன் பிறக்கும் என்றால், தகராறு நடக்கும்போதே கட்டச் சொல்லும் இந்தத் தொகை எதற்கு? இரண்டாவது சான்றை நம்மில் பெரும்பாலோர் கூர்ந்து படித்ததில்லை. அது நான்காம் அட்டவணையின் தலைப்பு. காரணி எண்ணை எந்த வயதுக்குப் பார்ப்பது? இழப்பீடு பாக்கியான நாளுக்கு முந்தைய பிறந்தநாளில் நிறைந்த வயதுக்கு. தீர்ப்பு நாள்தான் பாக்கி நாள் என்றால், முப்பத்தைந்தில் இறந்தவருக்கு ஐந்தாண்டு கழித்து நாற்பது வயது என்று எழுத வேண்டும், காரணி 197.06இலிருந்து 184.17 ஆகக் குறையும். இறந்தவருக்கு வயது ஏறாது. அட்டவணையை எழுதியவர் மனத்தில் இருந்தது விபத்து நாள்தான் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

‘2012இலேயே இது முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் பேச வேண்டும்?’ என்று இந்த அவையில் இருக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் முன்பு எழுதினார். அவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் முடிந்தது தீர்ப்பில் மட்டும்தான். புதிய தொகுப்பும் ‘பாக்கியான உடனே’ என்ற அதே சொற்களையே வைத்திருக்கிறது. நாள் எது என்று அங்கும் எழுதப்படவில்லை. இது ஒரு புறம். மற்றொரு புறம், தீர்ப்புக்கே போகாத விபத்துகளில் அந்த நாள் ஒவ்வொரு முறையும் தொலைந்துபோகிறது. அதை அறிய நாம் தீர்ப்புத் தொகுதிகளை மூடிவைத்துவிட்டுத் தொழிலாளர் துறை அலுவலகங்களின் பதிவேடுகளைத் திறக்க வேண்டும்.

அவை என்னென்ன என்று சொல்கிறேன். உயிரிழப்பையும் கடும் காயத்தையும் ஏழு நாளில் அறிக்கை செய்ய வேண்டும் என்றது 1923 சட்டத்தின் 10பி பிரிவு. அந்த அறிக்கைகளின் பதிவேடு ஒன்று. மரண இழப்பீட்டை ஆணையரிடம் வைப்பாகச் செலுத்தியே தீர வேண்டும், குடும்பத்தின் கையில் நேரே கொடுத்தால் அது இழப்பீடு ஆகாது என்றது 8ஆம் பிரிவு. அந்த வைப்பு, பட்டுவாடாப் பதிவேடு இன்னொன்று. இரு தரப்பும் செய்துகொண்ட உடன்பாடுகளை 28ஆம் பிரிவின்படி பதிந்த பதிவேடு மூன்றாவது.

ஒரு மாவட்ட அலுவலகத்தில் இரண்டு கோடை விடுமுறைகள் அமர்ந்து இவற்றைப் படியெடுத்தேன். ஒரே விபத்தை மூன்று பதிவேடுகளிலும் தேடினால் நான்கு நாட்கள் கிடைக்கும்: விபத்து நாள், தெரிவித்த நாள், பணம் வந்த நாள், பணம் உரியவர் கைக்குப் போன நாள். அரசின் மேற்பார்வை என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நான்கு நாட்களுக்கு இடையிலான தூரம்தான். சாரத்திலிருந்து விழுந்து இறந்த சித்தாள் ஒருவரின் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ‘தெரிவித்த நாள்’ கட்டம் வெறுமையாக இருந்தது. அறிக்கை வரவே இல்லை. அவருடைய தாய் மனுக் கொடுத்த பிறகே அந்தப் பக்கம் திறக்கப்பட்டிருந்தது. பணம் வந்து வெகுநாள் கழித்துக் கடைசிக் கட்டத்தில் இடது பெருவிரல் ரேகை.

‘பேசி முடித்தல்’ பற்றியும் சொல்ல வேண்டும். கட்டட வேலையில் ஓர் உயிர் போனால் மேஸ்திரியும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, அடக்கச் செலவோடு ஒரு தொகை பேசி, வெள்ளைத் தாளில் ரேகை வாங்கிக்கொள்வதைக் களப்பணி செய்த எல்லோரும் பார்த்திருப்போம். நீதிமன்ற அலைச்சலைவிட இது மனிதத்தன்மையான வழி என்று நண்பரும் சமூகவியல் அறிஞருமான ஒருவர் வாதிட்டிருக்கிறார். அவருடைய களக் குறிப்புகளிலிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன்; முடிவை ஏற்க முடியவில்லை. பிணம் வீட்டில் கிடக்கும்போது பேரம் பேசும் வலு யாருக்கு இருக்கும்? அந்த நிலைமையை அறிந்துதான் 8ஆம் பிரிவு பணத்தை ஆணையரின் கை வழியாகக் கொண்டுபோனது. உடனடிச் செலவுக்கு மூன்று மாத ஊதியம்வரை முன்பணம் கொடுக்கவும் அதே பிரிவு வழிவிட்டிருந்தது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவும் காவலுக்கு நின்றது. பேசி முடித்தல் இந்தக் காவலைத் தாண்டிப்போகும் வழி. அங்கே விபத்து நாளோடு விபத்தே அழிந்துவிடுகிறது.

என் முந்தைய கட்டுரைக்கு வந்த மதிப்புரை ஒன்று, இந்தப் பதிவேடுகளை ‘எழுத்தர் குறிப்புகள்’ என்றது. சட்டத்தின் போக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில்தான் காண வேண்டும் என்றது. மேல்முறையீடு எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் 1923 சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக முடிந்தது. முதலாளி போவதானால் தொகையை முதலில் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே கட்ட வசதியுள்ளவரின் குரலே, பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் குரலே, அங்கே ஓங்கிக் கேட்கிறது. கூரைக்கு ஓடு மாற்றப் போய் விழுந்தவரின் மனைவி அங்கே இல்லை. அவர் இருப்பது எழுத்தர் குறிப்பில் மட்டும்.

இ.எஸ்.ஐ. வந்தபின் இழப்பீட்டுச் சட்டம் காட்சிப் பொருள் என்போருக்கும் ஒரு சொல். இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு. அந்த எல்லைக்கு வெளியே கிணறு வெட்டுபவர், லாரிக் கிளீனர், கதிரடிக்கும் இயந்திரத்தில் கைகொடுப்பவர், நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையின் தொழிலாளி என்று ஒரு பெரும் உலகம் இருக்கிறது.

இதே அளவுகோலை ஓய்வூதியப் பக்கம் கொண்டுபோனால் வேறொரு காட்சி. வைப்பு நிதிச் சந்தாவை முதலாளி கட்டத் தவறினால் 1952 சட்டத்தின் 7க்யூ பிரிவின்படி வட்டி உண்டு என்று இருந்தது. அதுவும் 12 விழுக்காடுதான். எந்த நாளிலிருந்து? கட்ட வேண்டிய நாளிலிருந்து என்று பிரிவே சொல்லிவிட்டது. நிதிக்குப் பணம் வர வேண்டுமானால் நாள் தெளிவு. விதவைக்குப் பணம் வர வேண்டுமானால் அதே 12 விழுக்காட்டுக்கு மூன்று நாட்கள் என்று குழப்பம். ஓய்வூதியம் வாங்கும்போதும் இதே கதைதான். பிடித்த நாள் ஊதியச் சீட்டில் இருக்கும். கட்டிய நாள் கணக்கில் இருக்காது. பத்தாண்டுப் பணி நிறைந்ததா இல்லையா என்று அறுபது வயதை நெருங்குபவர் தாமே நிரூபித்துக்கொண்டு நிற்கிறார். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் அப்படியே: நமக்குப் பதிவு மூப்பின் நாள் தெரியும், காலியிடம் உண்டான நாளை யாரும் எழுதிவைப்பதில்லை.

இந்தக் கருத்தரங்கு முடியும்போது மூன்று கோரிக்கைகள் தீர்மானங்களாக வர வேண்டும் என்று விரும்புகிறேன். புதிய தொகுப்பின் கீழ் வரும் விதிகளில் ‘பாக்கியான நாள் என்பது விபத்து நாள்’ என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். பொறுப்பு புதிய அதிகாரிகளுக்குக் கைமாறும் இந்த வேளையில் பழைய பதிவேடுகள் கழிவுத்தாளாகிவிடாமல், பெயர்களை மறைத்து மின்படியாக்கிக் காக்கப்பட வேண்டும். மேற்பார்வையை எத்தனை ஆய்வு நடந்தது என்று எண்ணுவதை விட்டு, அந்த நான்கு நாட்களுக்கு இடையில் எத்தனை நாள் கழிந்தது என்று அளக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டையாவது படியெடுங்கள். அந்தத் தாயின் ரேகைக்கு அருகே ஒரு நாள் எழுதியிருந்தது. அதற்கும் மகள் சாரத்திலிருந்து விழுந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்ல நமக்கு ஆள் வேண்டும்.

இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.