கொங்கு நாட்டு எழவு வீடும் ஒப்பாரியும்

எழவுக்கு வரும் பெண்கள் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்குவார்கள். அதைக் கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வாசலுக்கு வருவார்கள். தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தபின் ஒருத்தி முதலடியை எடுப்பாள். மற்றவர்கள் இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது பழகிய காட்சி. அழுகை பாட்டாகிற அந்த இடத்தை ஒரு கலையாக மதிப்பிட்டுப் பார்க்கவே இந்த உரை.

ஒப்பாரி இறந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, இறந்தவரிடமே பேசுகிறது. ஆத்தா, என்னைப் பெத்த அப்பா என்று விளித்து, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் போலக் கேள்வி கேட்கிறது. முதலில் பொன்னும் முத்தும் பட்டும் பூத்த தோட்டமும் வரும். அடுத்து அவை போன கதை வரும். அடி ஒவ்வொன்றும் விம்மலில் இறங்கி முடியும். மூச்சு வாங்கும் அந்த இடைவெளிக்குள் அடுத்த அடியைக் கட்டியாக வேண்டும். பொதுவான சொற்கட்டுகள் நாவில் தயாராக இருக்கும். அன்றைய சாவுக்குரிய ஊரும் உறவும் நடப்பும் அங்கேயே கோக்கப்படும். கண்ணீரோடு இருப்பவள் இதைச் செய்கிறாள் என்பதை நினைத்தால், மேடைக் கவிஞர்களின் ஆசுகவித் திறமைக்கு இது குறைந்ததல்ல.

அவள் அழுவது யாருக்காக? தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று சொல்கிறது. ஒப்பாரிப் பெண்கள் தங்கள் சொந்தத் துயரத்தையே பாடுகிறார்கள் என்பது அவர் கண்டது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் எழவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் உண்மை தெரியும். அப்பன் செத்தால் மகளுக்குப் பிறந்த வீடே பாதி போய்விடுகிறது. சீர் கொண்டுவர இனி யார், அண்ணனும் நங்கையாளும் வாவென்று கூப்பிடுவார்களா என்ற பயமெல்லாம் அந்தப் பாட்டில் இருக்கும். 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன்பு காடு தோட்டத்தைப் பற்றி ஊர் நடுவே ஒரு பெண் வாய்திறக்க முடிந்த இடம் எழவு வீடு. அங்கே அவளை யாரும் அடக்கமாட்டார்கள்.

இப்படிப் பாடுவது எப்போதும் பெண்களின் வேலையாக மட்டும் இருந்ததில்லை. புறநானூற்றில் கையறுநிலை என்றே ஒரு துறை உண்டு. தகடூர் அதியமான் மாண்டபோது ஔவையார் பாடியது அதில் இருக்கிறது; மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியதும் இருக்கிறது. அவள் ஈமத்தீயில் கிடக்க, தான் இன்னும் சாகாமல் இருப்பதை அந்த அரசன் நொந்துகொள்கிறான். இறந்தவரை மதித்து அனுப்புவதும் கொங்கு மண்ணில் பழைய வழக்கமே. நொய்யல் கரைக் கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில், கற்பலகைகளால் அறை கட்டி, ஒரு பலகையில் துளையும் விட்ட பெருங்கற்காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. உள்ளே சூதுபவள மணிகள் வைத்திருந்தார்கள்.

கொங்குச் சாவில் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறந்த வீட்டார் கோடித்துணி கொண்டுவருவார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் என்று நாவிதர் முறை சொல்லி நடத்துவார். கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்பவரும் அவரே. அஸ்தி கரைக்கவும் திதி கொடுக்கவும் பேரூருக்கோ பவானி கூடுதுறைக்கோ கொடுமுடிக்கோ போவார்கள்.

எல்லோருக்கும் இந்த வழி இல்லை. கோவைக் கோட்டைமேட்டு முஸ்லிம் வீட்டில் மையித்தைக் குளிப்பாட்டி, கஃபன் சுற்றி, ஜனாஸா தொழுகை முடித்துக் கூடியவரை விரைவாக அடக்கிவிடுகிறார்கள். ஓலமிட்டு அழுவதை மார்க்கம் ஏற்பதில்லை. கத்தோலிக்கர்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு தங்கள் முன்னோரிடம் போகிறார்கள். மலையேறினால் நீலகிரிப் படகர் மரபு வியப்பூட்டுகிறது. இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஊரார் முன் வரிசையாகச் சொல்லி, அவை நீங்க வேண்டுவார்கள். ஒப்பாரி பெருமையை அடுக்கும்; அங்கே பிழைகளை அடுக்குகிறார்கள். கடல் தாண்டிப் போனால், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் ஊதுகருவிக் குழுவோடு கல்லறை வரை மெதுவான சோக இசையில் நடக்கிறார்கள். திரும்பும்போது துள்ளலிசையும் ஆட்டமும்தான். தப்பட்டை அதிர, பேரன்கள் ஆடிக்கொண்டு வழியனுப்பும் கல்யாணச் சாவைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கொங்கு மண்ணில் ஒப்பாரிக்குக் கோயிலிலும் இடம் உண்டு. அண்ணன்மாரான பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடி முடிக்கையில், அவர்கள் களத்தில் விழுவதை நடித்துக் காட்டும் படுகளம் நடக்கும். வீரர்களாக விழுந்து கிடப்பவர்களைப் பார்த்து அவர்கள் தங்கை தங்காள் அண்ணன்மாருக்காக அழுவாள். பிறகு அவர்கள் எழுப்பப்படுவார்கள். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். தங்கையின் அழுகை இல்லாமல் அந்தக் கதை முடியாது.

இந்த மரபைப் போற்றுபவர்கள் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. எழவு சொல்லவும் தப்படிக்கவும் குழி வெட்டவும் ஊர் தலித் மக்களைக் கட்டாயப்படுத்தியது. அவர்களுக்குச் சுடுகாட்டையும் தனியாக ஒதுக்கியது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பல கலைஞர்கள் மறுத்தது நியாயமே. பறைக்கு இப்போது வேறு மேடைகள் கிடைத்திருக்கின்றன. கோவையில் நிமிர்வு கலையகம் பறை கற்றுத்தருகிறது. பறைக்காக வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முந்தைய ஆண்டு வள்ளி கும்மிக்காகக் கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அதே விருதைப் பெற்றார்.

ஒப்பாரிக்கு அப்படி மேடை அமைவது கடினம். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது. ஒத்திகை பார்க்கவும் முடியாது. எழவு வீட்டு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே சிறுமிகள் கற்றார்கள். அந்த உட்காரும் நேரம்தான் இப்போது சுருங்கிவிட்டது. வெளிநாட்டு மகன் வந்துசேரும்வரை பிரீசர் பெட்டி காத்திருக்கும். அவன் வந்ததும், எரிவாயு மயானத்தில் வாங்கிய நேரத்துக்குள் எல்லாம் முடியவேண்டும். சில வீடுகளில் காசு கொடுத்து அழைத்த குழு மைக்கில் பாடுகிறது. குரல் நன்றாகவே இருந்தாலும், செத்தவர் வெட்டிய கிணறும் அவர் மகள் பட்ட பாடும் அந்தக் குரலுக்குத் தெரியாது.

பாடத் தெரிந்த அம்மிச்சிகளும் அப்பத்தாக்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் கேட்டால் மறுப்பார்கள். தோட்டத்துச் சாளையைத் தாண்டி, களத்து மேட்டுக்கோ வாய்க்கால் கரைக்கோ கூட்டிப்போய்க் கேட்டால் பாட இசைவார்கள். பேத்திகள் தங்கள் கைப்பேசியில் அதைப் பதிந்துகொள்ளட்டும். எந்தச் சாவில், யாருக்காகக் கட்டிய அடிகள் அவை என்பதையும் கூடவே கேட்டு எழுதிவைக்கட்டும்.